ராணுவத்தில் இருக்கும் தம்பிக்குச் சம்பளப் பிடித்தம், கிடைக்காத லீவு: எங்கே, எந்த வரிசையில் முறையிடுவது?

மானாமதுரை_அக்கா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தம்பி காலாட்படையில் சிப்பாய். ஆறு வருட சர்வீஸ். இப்போது வடக்கே ஃபீல்டு ஏரியாவில், அதாவது எல்லைப் பக்கத்துக் கடினமான பணியிடத்தில், இருக்கிறான். யூனிட் பெயர், இடம் எதுவும் இங்கே போடவில்லை, கேட்கவும் வேண்டாம்.

பிரச்சினை மூன்று.

ஒன்று, ஐந்து மாதமாக ஃபீல்டு அலவன்ஸ் பே ஸ்லிப்பில் ஏறவில்லை. கூட இருக்கும் மற்றவர்களுக்கு ஏறியிருக்கிறது.

இரண்டு, திடீரென்று 62,400 ரூபாய் அவன் கணக்கில் பற்று என்று காட்டி மாதம் 9,000 பிடிக்கிறார்கள். காரணம் என்று ஸ்லிப்பில் இருப்பது ஒற்றை வார்த்தை, "அட்ஜஸ்ட்மென்ட்".

மூன்று, வருடத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு என்கிறார்கள். இந்த வருடம் கிடைத்தது 22 நாள். கம்பெனியில் (யூனிட்டுக்குள் அவன் இருக்கும் பிரிவு) ஆள் பற்றாக்குறை, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவுக் காவல், கார்டு டியூட்டி. அப்பாவுக்கு ஜனவரியில் ஆபரேஷன். அதற்காவது வருவானா தெரியவில்லை.

தொழிற்சங்கம் மாதிரி ஏதாவது உண்டா? குடும்பத்தார் எழுதலாமா, அவன்தான் எழுத வேண்டுமா? எழுதினால் அவனுக்குக் கெடுதல் வருமா? சித்தப்பா மகன் அக்னிவீர் (நான்கு வருடத்துக்கு எடுக்கும் சிப்பாய்) தேர்வு எழுதப் போகிறான், அவனுக்கும் இதே நிலைதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பார்ட்_டூ_கிளார்க்

சகோதரி, முதல் இரண்டும் பணக் கணக்கு, மூன்றாவது லீவு. மூன்றையும் ஒரே மனுவில் எழுத விடாதீர்கள். பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலகம் வேறு, லீவுக்கு வேறு. சேர்த்து எழுதினால் லீவுப் பகுதிக்கு மட்டும் "பணித் தேவை" என்று ஒரு வரி பதில் வந்து, பணமும் அதோடு மூடப்பட்டுவிடும்.

சம்பளம் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் எங்கே தடைப்பட்டது என்று நீங்களே பார்க்கலாம். சிப்பாயின் சம்பளக் கணக்கை வைத்திருப்பது யூனிட் அல்ல. ரெஜிமென்டல் சென்டரை ஒட்டி இருக்கும் பி.ஏ.ஓ. என்ற கணக்கு அலுவலகம்தான். அது பாதுகாப்புக் கணக்குத் துறையைச் சேர்ந்தது, ராணுவத்துக்குக் கீழே வராது. யூனிட்டில் நடக்கும் ஒவ்வொன்றையும், அதாவது ஆள் ஃபீல்டு ஏரியாவுக்குள் வந்த தேதி, வெளியே போன தேதி, லீவு, கோர்ஸ், கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு எல்லாவற்றையும், யூனிட் அலுவலகம் "பார்ட் டூ ஆர்டர்" ஆக வெளியிட வேண்டும். அது ரெக்கார்ட்ஸ் என்ற ஆவண அலுவலகத்துக்கும் பி.ஏ.ஓ.வுக்கும் போகும். பி.ஏ.ஓ. ஏற்றால்தான் காசு. ஆள் பனியில் நின்றது எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் பார்ட் டூ ஆர்டர் இல்லாவிட்டால் கணக்குப்படி அவன் அங்கே இல்லை.

மற்றவர்களுக்கு ஏறி இவனுக்கு மட்டும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று:

அவன் பயிற்சிக் கோர்ஸோ அட்டாச்மென்ட்டோ (வேறு இடத்தில் தற்காலிகப் பணி) போய்விட்டுத் தனியாக வந்து சேர்ந்திருப்பான். யூனிட்டோடு மொத்தமாக வந்தவர்களின் பட்டியலில் அவன் பெயர் விடுபட்டிருக்கும். அதிகம் நடப்பது இதுதான்.

ஆர்டர் போட்டிருப்பார்கள், ஆனால் முந்தைய இடத்தின் அலவன்ஸை நிறுத்தும் ஆர்டர் போயிருக்காது. பழையது முடியாமல் புதியது ஏறாது.

தேதி மோதியிருக்கும். லீவு முடிந்த நாளும் ஃபீல்டு தொடங்கிய நாளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பி.ஏ.ஓ. திருப்பி அனுப்பும். திரும்பி வந்த ஆர்டரைத் திருத்தி மறுபடி போட வேண்டியது யூனிட் கிளார்க். அவரிடம் நானூறு ஐநூறு பேர் காகிதம் இருக்கும். கேட்காதவன் ஆர்டர் அடியில் போய்விடும்.

நான்காவது, ஆர்மி நம்பரில் ஒரு எழுத்து பிழை. சின்ன விஷயம்தான், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

இனி 62,400. "அட்ஜஸ்ட்மென்ட்" என்று வருவதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது அவனுக்கு முன்பு கூடுதலாகப் போன ஏதோ ஒரு தொகை. ஃபீல்டை விட்டுப் போன பிறகும் அலவன்ஸ் ஓடியிருக்கும். அல்லது குவார்ட்டர்ஸ் எடுத்த பிறகும் வீட்டு வாடகைப்படி ஓடியிருக்கும். அல்லது லீவு முடிந்து தாமதமாகச் சேர்ந்த நாட்கள் அனுமதியற்ற விடுப்பாகப் பதிந்திருக்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒருவேளை முதல் பிரச்சினையும் இரண்டாவதும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம்: பழைய இடத்தின் அலவன்ஸை பின்தேதியிட்டு நிறுத்தியிருப்பார்கள், புதிய இடத்துடையதை ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அப்படியென்றால் ஒரே திருத்த ஆர்டரில் இரண்டும் நேராகிவிடும்.

தம்பி செய்ய வேண்டியது. ஹம்ராஜ் செயலியில் பே ஸ்லிப் கிடைக்கும். பற்று ஏறிய மாதத்துக்கு முந்தைய 12 மாத ஸ்லிப், பிந்தைய எல்லா ஸ்லிப்பும் இறக்கி வைக்கட்டும். ஒரு தாளில் மூன்று பத்தி போடட்டும்: தேதி, எந்த இடத்தில் இருந்தான், ஸ்லிப்பில் என்ன ஏறியது. இடத்தின் பெயர் வேண்டாம், ஃபீல்டு ஏரியாவா, பீஸ் ஏரியாவா (அமைதியான சாதாரண இடம்) என்று மட்டும். எந்த மாதத்தில் வரிசை உடைகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதோடு கம்பெனி கமாண்டர் வழியாக எழுத்தில் ஒரு விண்ணப்பம். "சம்பளம் குறைகிறது, பார்த்துத் தரவும்" என்று எழுதக் கூடாது. "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஃபீல்டு அலவன்ஸுக்கான பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி என்ன? பி.ஏ.ஓ. திருப்பி அனுப்பியிருந்தால் அதன் காரணம் என்ன? 62,400 பற்றுக்கான மாதவாரிக் கணக்கு வேண்டும்" என்று கேட்க வேண்டும். எண்ணைக் கேட்டால் எண்ணைத் தேடித்தான் ஆக வேண்டும்.

ஸ்லிப்பைப் பார்க்கும்போது இன்னொன்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். சிப்பாய்க்கு ராணுவப் பணி ஊதியம், எம்.எஸ்.பி., 5,200. அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமல்ல, இந்த 5,200-க்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடிப்படை 25,200 என்றால் இரண்டும் சேர்ந்து 30,400. 2025 ஜூலை விகிதமான 58 சதவீதத்தில் அகவிலைப்படி 17,632. ஆக 48,032, அதற்கு மேல்தான் இட அலவன்ஸ்கள், அதிலிருந்துதான் பி.எஃப்., குரூப் இன்சூரன்ஸ் பிடித்தங்கள். இந்த எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அதையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். பணக் கணக்குதானே, ஒரே அலுவலகம்.

---

மானாமதுரை_அக்கா

மிக்க நன்றி. கேட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே கோர்ஸ் முடித்துத் தனியாகத்தான் யூனிட்டில் சேர்ந்திருக்கிறான். கிளார்க்கிடம் வாயால் இரண்டு முறை கேட்டிருக்கிறான், எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. எழுதினால் "கம்ப்ளெயின்ட் கொடுப்பவன்" என்று பெயர் விழும் என்று தயங்குகிறான். அவன் தயக்கம் நியாயமா என்பதுதான் என் கேள்வி.

---

சர்வீஸ்_மேட்டர்_வக்கீல்

தயக்கம் புரிகிறது. ஆனால் கணக்கு விவரம் கேட்கும் விண்ணப்பம் புகார் அல்ல. அந்த வேறுபாட்டை அவர் மனதில் பதிய வையுங்கள்.

முதலில் தொழிற்சங்கம். கிடையாது. அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு படைகளில் இருப்போரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதன்படி 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளும் மூன்றைத் தடுக்கின்றன: சங்கத்தில் சேர்வது, கூட்டம் ஆர்ப்பாட்டத்தில் பங்கேற்பது, பத்திரிகைக்குத் தகவல் தருவது. 2025 நவம்பர் வரை இருந்த தொழில் தகராறு சட்டத்தில் "தொழிலாளி" என்ற சொல்லின் விளக்கத்திலேயே ராணுவ, கடற்படை, விமானப்படைச் சட்டங்களுக்கு உட்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். எட்டு மணி நேர வேலை, ஓவர்டைம் எதுவும் பொருந்தாது. ஐந்து பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதும் கூடாது. கூட்டு மனு ஒழுங்குக் குற்றமாகப் பார்க்கப்படும். ஐந்து பேருக்கும் குறை இருந்தால் ஐந்து தனித்தனி மனு.

இருப்பது என்ன என்றால், மூன்று படி.

முதல் படி, மேலே நண்பர் சொன்ன விண்ணப்பம். இதற்குச் சட்டப் பிரிவு எதுவும் குறிப்பிட வேண்டாம். நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். தர மறுத்தால் கொடுத்த தேதியையும் யாரிடம் என்பதையும் குறித்து வைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து அதைச் சுட்டி இன்னொன்று கொடுக்கலாம். இரண்டாவதில் முதலாவதன் தேதி இருப்பதே சான்று.

இரண்டாம் படி, ராணுவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. அதிகாரி அல்லாதவர்கள் தமக்கு அநீதி நடந்ததாகக் கருதினால் கம்பெனியின் பொறுப்பதிகாரியிடம் முறையிடலாம். புகாரே அவர்மீது என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம். பெற்றவர் இயன்றவரை முழுமையாக விசாரிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இது சட்டம் தந்த உரிமை, இதைப் பயன்படுத்தியதற்காகத் தண்டிக்க முடியாது. ஆனால் ஒரு கத்தி முனையும் இருக்கிறது. 56-ஆம் பிரிவின்படி, பொய் என்று தெரிந்தே ஒருவரின் நடத்தையைக் குறை கூறினாலோ முக்கிய உண்மையை மறைத்தாலோ ஐந்து ஆண்டு வரை சிறை. ஆகவே மனுவில் "கிளார்க் வேண்டுமென்றே தாமதித்தார்", "பணம் கேட்டார்" போன்ற வரிகள் நிரூபிக்க ஆதாரம் இல்லாமல் வரக் கூடாது. தேதி, தொகை, ஆர்டர் எண், இவ்வளவு போதும். ஆள் பெயரே இல்லாமல் வெற்றிகரமான சம்பள மனு எழுத முடியும்.

மூன்றாம் படி, ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டம், 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. சென்னையிலும் அமர்வு உண்டு. கால வரம்பைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். மேல்முறையீடோ மனுவோ கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லை என்றால் உள்வழி, அதாவது ராணுவத்துக்குள்ளேயே முறையிடும் வழி, முடிந்ததாகக் கருதப்படும். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இறுதிப் பதில் வந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம். வாயால் கேட்ட கேள்விக்கு இந்தக் கடிகாரம் ஓடவே தொடங்காது. எழுதச் சொல்வது அதனால்தான்.

எங்கே தாக்கல்? பணியில் இருப்பவர் தாம் இருக்கும் இடத்துக்குரிய அமர்விலோ, வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதியாவது எழுந்த இடத்துக்குரிய அமர்விலோ தாக்கல் செய்யலாம். சம்பளக் கணக்கு அலுவலகம் தமிழ்நாட்டில் இருந்தால் சென்னை அமர்வுக்கு வாதம் உண்டு.

பிடித்தம், நிலுவை பற்றி மூன்று தீர்ப்புகள். 2014-இல் ரஃபீக் மசீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாத சூழ்நிலைகளைப் பட்டியலிட்டது. கீழ்நிலை ஊழியர்கள், ஓய்வுக்கு ஒரு வருடத்துக்குள் இருப்பவர்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கூடுதலாகப் பெற்றவர்கள் அதில் அடக்கம். ஊழியர் ஏமாற்றி வாங்கியிருக்கக் கூடாது, தவறு அலுவலகத்துடையதாக இருக்க வேண்டும். ராணுவச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் சட்டம் அனுமதித்த பிடித்தம் தவிர வேறு பிடித்தம் கூடாது என்கிறது. அதனால் "எந்த விதியின்படி" என்ற கேள்வியை அவர் கேட்கலாம். எச்சரிக்கை ஒன்று: "கூடுதலாகப் பெற்றிருந்தால் திருப்பித் தருவேன்" என்ற உறுதிமொழியில் முன்பே கையெழுத்திட்டிருந்தால் இந்தத் தீர்ப்பின் பலம் குறையும். 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அப்படித்தான் முடிந்தது. இன்னொன்று 2008-இன் தர்செம் சிங் தீர்ப்பு. மாதாமாதம் தொடரும் குறைபாடு என்றால் தாமதமாக வந்தாலும் வழக்கு நிற்கும், ஆனால் நிலுவைத் தொகை பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கே கிடைக்கும்.

குடும்பத்தார் எழுதலாமா என்றால், சம்பளத்துக்கு வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் நீங்கள் கேட்டால் "தனிநபர் தகவல்" என்று மறுப்பார்கள். அவரே தம் கணக்கைக் கேட்டால் தர வேண்டும். பத்து ரூபாய், 30 நாள். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவற்றுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, ராணுவத்துக்கு இல்லை. மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளமோ, உள்வழிகளை முடிக்காத அரசு ஊழியரின் பணி விவகாரத்தை எடுத்துக்கொள்வதில்லை. அங்கே போட்டு மாதங்களை வீணாக்க வேண்டாம்.

இனி லீவு. இங்கேதான் சட்டம் கைவிடுகிறது. தீர்ப்பாயத்தின் அதிகார எல்லையிலிருந்து "எந்த வகை விடுப்பும்", இடமாற்றமும் வெளிப்படையாக நீக்கப்பட்டிருக்கின்றன. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகும் வழி காகிதத்தில் இருக்கிறது. ஆனால் ஜனவரி ஆபரேஷனுக்கு அது பயன்படாது. சம்பளத்துக்கு நீதிமன்றத்தைத் திறந்துவிட்டு, ஒரு சிப்பாயை அதிகம் வதைக்கும் விஷயத்துக்கு மட்டும் கதவைச் சாத்தியது பெரிய குறை. மாற்றப்பட வேண்டிய பிரிவு அது.

---

தேவகோட்டை_72

இதெல்லாம் வருஷக்கணக்கில் இழுக்கும் சார். ஒரு வீடியோ எடுத்துப் போட்டால் இரண்டு நாளில் வேலை நடக்கும்.

---

சர்வீஸ்_மேட்டர்_வக்கீல்

தயவுசெய்து இந்த யோசனையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் சாப்பாட்டின் தரம் பற்றி வெளியிட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்த ஏப்ரலில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். வேலை போனால் சேர்த்து வைத்த சர்வீஸும் பென்ஷனும் போகும். குடும்பத்தார் போட்டாலும் யூனிட், இடம், ஆள் எண்ணிக்கை வெளியே வந்தால் அலுவல் ரகசியச் சட்டம் வரை போகலாம்.

---

குன்னூர்_மலைப்பாதை

ஆள் பற்றாக்குறை பற்றி யாரும் எழுதவில்லை, லீவு பிரச்சினையின் வேரே அதுதான்.

கார்டு போஸ்ட் எண்ணிக்கை தலைக் கணக்கைப் பார்த்து மாறாது. ஒரு போஸ்ட்டில் 24 மணி நேரமும் ஒருவர் நிற்க வேண்டும், இரண்டு மணி நேரம் நின்றால் நான்கு மணி நேரம் ஓய்வு, ஆக போஸ்ட்டுக்கு மூவர். நான்கு போஸ்ட் என்றால் 12 பேர், இரண்டு கார்டு கமாண்டர், மொத்தம் 14.

ஒரு உதாரணக் கணக்கு. கம்பெனியில் 120 பேர் இருக்க வேண்டும் என்று வைப்போம். லீவில் 15, கோர்ஸில் 8, மருத்துவத் தரம் குறைந்தவர்கள் 6, வேறு இடத்துக்கு அட்டாச் ஆனவர்கள் 10, சமையல், ஸ்டோர், வண்டி 6. கையில் மிஞ்சுவது 75. 14 பேர் கார்டு என்றால் ஒருவருக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை முறை வரும். இப்போது 15 பேர் காலியிடம் என்று வையுங்கள். மிஞ்சுவது 60. முறை நான்கு நாளுக்கு ஒன்று. இது கார்டு மட்டும். ரோந்து, அவசரப் படைப் பிரிவு, ரோடு வேலை எல்லாம் அதே 60 பேரிடமிருந்துதான். பழைய 75-ஐக் காப்பாற்ற கமாண்டர் கையில் இருப்பது ஒரே ஒரு எண், லீவில் இருக்கும் அந்த 15. கோர்ஸையும் அட்டாச்மென்ட்டையும் அவர் நிறுத்த முடியாது, மருத்துவத் தரத்தை மாற்ற முடியாது. காலியிடம் முழுக்க லீவுப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

இந்தக் காலியிடம் எப்படி வந்தது? கொரோனாவைக் காரணம் காட்டி 2020-21, 2021-22 இரண்டு ஆண்டும் ராணுவத்தில் சிப்பாய் ஆள்சேர்ப்பு நின்றது. ஓய்வு பெறுவது மட்டும் நிற்கவில்லை. 2022-இல் அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தபோது ராணுவத்துக்கு 40,000 பேர்தான். 2023 மார்ச்சில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: முப்படையிலும் சுமார் 1.55 லட்சம் காலியிடம், அதில் ராணுவத்தில் மட்டும் 1.36 லட்சம். அதிகாரிகளும் குறைவு. கம்பெனியில் ஒரே அதிகாரி இருந்தால் தம்பியின் விண்ணப்பத்தைப் பார்க்கும் நேரமும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

லீவுக்கு நடைமுறையில் செய்யக்கூடியவை.

ஆபரேஷனுக்கு இப்போதே காகிதம் தயார் செய்யுங்கள். மருத்துவமனையின் கடிதத்தில் நோயின் பெயர், சேர்க்கும் தேதி, அறுவை சிகிச்சைத் தேதி, உடன் ஒருவர் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பது இருக்கட்டும். வெறும் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் பயனில்லை. வேறு ஆண் பிள்ளை வீட்டில் இல்லை என்றால் அதையும் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். பெயர் முன்னாள் என்று இருந்தாலும் பணியில் இருப்போரின் குடும்பத்துக்கும் அந்த அலுவலகம்தான். குடும்பம் எழுதுவது இங்கேதான் முழுப் பலன் தரும். அவர்கள் விசாரித்து யூனிட்டுக்கு எழுதினால் கமாண்டருக்கு லீவு கொடுக்க எழுத்தில் ஒரு காரணம் கிடைக்கிறது. அப்பாவுக்கு நீண்டகாலக் கவனிப்பு தேவை என்றால் கருணை அடிப்படையில் ஊருக்கு அருகே போஸ்டிங் கேட்கவும் இதே விசாரணைதான் அடிப்படை.

60 நாளைப் பகுதி பகுதியாகக் கேட்கச் சொல்லுங்கள். 20 நாள் கேட்பவருக்கு இடம் கிடைக்கும், 45 கேட்பவர் வரிசையில் நிற்பார். 30 நாள் கேஷுவல் லீவு தனி. அது டிசம்பர் 31-உடன் காலாவதி, அடுத்த வருடத்துக்கு வராது. ஆனுவல் லீவில் பணித் தேவையால் எடுக்க முடியாமல் போன நாட்களை வருடத்துக்கு 30 வரை ஓய்வின்போது பணமாக்கச் சேர்த்து வைக்கலாம், மொத்த வரம்பு 300. உங்கள் தம்பிக்கு 38 நாள் பாக்கி, இதில் 30 வரை காப்பாற்றலாம். ஆனால் "பணித் தேவையால் எடுக்கவில்லை" என்று பார்ட் டூ ஆர்டர் வந்தால்தான் அது கணக்கு. லீவும் இல்லை, ஆர்டரும் இல்லை என்றால் இரண்டு பக்கமும் நஷ்டம். ஜனவரி பிறந்ததும் இதைக் கேட்க வேண்டும்.

எவ்வளவு கோபம் வந்தாலும் லீவு முடிந்து தங்கிவிடக் கூடாது. ராணுவச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. 30 நாள் தாண்டினால் விசாரணை மன்றம் அமைத்து ஓடிப்போனவர் என்று பதிவாகும் நிலை வரும். ஊரில் உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால் அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையில் சேர வேண்டும். அது தூரம் என்றால் அரசு மருத்துவமனையில் சேர்ந்து அன்றே யூனிட்டுக்குத் தகவல், சீட்டு நகல்.

---

பார்ட்_டூ_கிளார்க்

சித்தப்பா மகன் விஷயம். அக்னிவீருக்கு சம்பளம் முதல் வருடம் மாதம் 30,000, இரண்டாம் வருடம் 33,000, மூன்றாவது 36,500, நான்காவது 40,000. இதில் 30 சதவீதம் சேவாநிதி என்ற சேமிப்பு நிதிக்குப் போய்விடும். முதல் வருடம் கைக்கு 21,000. அதற்கு அகவிலைப்படி கிடையாது, எம்.எஸ்.பி. கிடையாது. பழைய முறையில் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு அடிப்படை 21,700, எம்.எஸ்.பி. 5,200, 58 சதவீத அகவிலைப்படி 15,602, ஆக 42,502, பிடித்தங்களுக்கு முன்பு. அதே போஸ்ட், அதே துப்பாக்கி, அதே இரவு. இடத்துக்கான அலவன்ஸ் மட்டும் அக்னிவீருக்கும் உண்டு.

நான்கு வருடத்தில் அவர் பங்கு 5.02 லட்சம், அரசு அதே அளவு போடும், வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லை. கிராஜுவிட்டி, பென்ஷன் இல்லை. லீவு வருடத்துக்கு 30 நாள். 48 லட்சம் காப்பீடு உண்டு, அதற்குப் பிடித்தம் இல்லை. நடுவில் தானாக விலக முடியாது. விதிவிலக்காக அனுமதி கிடைத்தாலும் அவர் போட்ட பங்கும் வட்டியும்தான், அரசின் பங்கு வராது. இதைத் தெரியாமல் கையெழுத்திடுபவர்கள் இருக்கிறார்கள். நான்கு வருடம் கழித்து அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக எடுப்பார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் திட்டத்தைச் செல்லும் என்றது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ராணுவச் சட்டம் அவருக்கும் முழுதாகப் பொருந்தும். 26-ஆம் பிரிவும் தீர்ப்பாயமும் அவருக்கும் உண்டு. நிரந்தரத் தேர்வு காத்திருக்கும்போது 20 வயதுப் பையன் மனு எழுதத் தயங்குவான், அதுதான் என் கவலை.

---

அருவங்காடு_சங்கம்

ஒரு தகவல் சேர்க்கிறேன். ராணுவத்தை ஒட்டி வேலை பார்க்கும் சிவிலியன்களில் ஆவடி, திருச்சி, அருவங்காடு ஆயுதத் தொழிற்சாலைகளில் சங்கங்கள் உண்டு, பேரம் பேசுவார்கள். 2021-இல் நாடு முழுக்க இருக்கும் அப்படிப்பட்ட ஆலைகள் ஏழு நிறுவனங்களாக மாற்றப்பட்டபோது அந்த ஆண்டு வந்த அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் அதிகாரத்தைக் கொண்டுவந்தது. படைப்பிரிவோடு சேர்ந்து இருக்கும் சமையல்காரர், தையல்காரர், முடிதிருத்துபவர் போன்ற சிவிலியன்களுக்குச் சங்க உரிமை இல்லை என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிப்பாய்க்குச் சங்கம் என்றாலே கலகம் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடனில் படைவீரர் சங்கங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன, வேலைநிறுத்தம் என்று போவதில்லை, சம்பளமும் பணி நேரமும்தான் பேசுகின்றன. பிரான்சின் முழுத் தடையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014-இல் தவறு என்றது. ஜெர்மனியில் நாடாளுமன்றமே ஒரு ஆணையரை நியமித்திருக்கிறது, சிப்பாய் மேலதிகாரியைத் தாண்டி நேராக அவருக்கு எழுதலாம். அமெரிக்கா 1978-இல் சட்டம் போட்டுச் சங்கத்தைத் தடுத்தது. நம் நாட்டில் சங்கம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம், அப்படி ஒரு ஆணையராவது வேண்டும்.

---

மானாமதுரை_அக்கா

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் ஸ்லிப்புகளை இறக்கச் சொல்லிவிட்டேன். விண்ணப்பம் ஆர்டர் எண் மட்டும் கேட்டு, பெயர் எதுவும் இல்லாமல். அப்பாவின் மருத்துவக் கடிதம் வாங்கிச் சிவகங்கை முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குத் திங்கள்கிழமை போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: ஊரில் நிலத் தகராறு வழக்கு ஒன்று அவன் பெயரிலும் இருக்கிறது. லீவு கிடைத்து வரும்போது வாய்தா இல்லாமல் போனால்?

---

சர்வீஸ்_மேட்டர்_வக்கீல்

ராணுவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு. லீவு கிடைத்ததும், வழக்குக்காக லீவு தரப்பட்டது அல்லது கேட்கப்பட்டது என்று யூனிட்டிடம் சான்றிதழ் வாங்கி உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். நீதிமன்றம் இயன்றவரை அந்த லீவுக் காலத்துக்குள் வழக்கை எடுத்து முடிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணத்தைப் பதிவு செய்து சான்றிதழோடு வந்தவருக்கு நகல் தர வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழில் லீவு தொடங்கும், முடியும் தேதி இரண்டும் இருக்க வேண்டும்.